ஜனவரி ஒண்ணு

“இது எங்கப்பாவோட தேதி இல்ல” என்றாள் தங்கை.

பிணவறை எழுத்தர் பேனா மூடியைக் கழற்றி நீட்டியபடியே நின்றார். வெளியே வண்டி இஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. உடலைப் பெற்றுக்கொள்ளக் குடும்பத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி. அண்ணன் தன் பங்கைப் படிக்காமலேயே கிறுக்கிவிட்டான். தங்கை பேனாவைத் தொடவே இல்லை. குனிந்து, அப்பாவின் மணிக்கட்டில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையை வீட்டுப் பத்திரம் மாதிரி வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா பிரச்சினை?” என்றார் எழுத்தர்.

“பேர் சரி. நம்பர் சரி. பிறந்த தேதி ஜனவரி ஒண்ணுன்னு இருக்கு. எங்கப்பா பிறந்தது ஆகஸ்ட் பதினேழு.”

அண்ணன் கண்ணை மூடித் திறந்தான். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. வீட்டில் நாற்காலி வந்துவிட்டது, பூ வந்துவிட்டது, சித்தப்பா வந்துவிட்டார். அப்பாதான் இன்னும் வரவில்லை.

“முகத்தைப் பாத்தியா இல்லையா?”

“பாத்தேன்.”

“அப்பாதானே?”

“அப்பாதான்.”

“அப்புறம் என்ன? போட்டுத் தொலை.”

“அப்பா இல்லன்னு நான் சொல்லலண்ணா. ‘மேற்கண்ட விவரங்கள் சரியானவை’ன்னு எழுதியிருக்கு. சரியில்லாததைச் சரின்னு எப்படிப் போடறது?”

எழுத்தர் மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பள்ளிக்கூடத்து டீச்சர், பஸ் கண்டக்டர், பல் டாக்டர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ‘நீங்களாவது சொல்லக் கூடாதா’ என்கிற பார்வை. சொல்லாமலா இருந்தான்? கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிச் சொல்லி அவனுக்குத்தான் தொண்டை வறண்டது. அவளுக்கு ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் பெயர் வைத்தபோது அவள் வேலைக்கே போய்க்கொண்டிருந்தாள். பெயர் கிடைத்ததில் அப்பாவுக்கு ஒரு நிம்மதி. அவனுக்கு என்ன நிம்மதி வேண்டிக்கிடக்கிறது? பெயர் தெரிந்தாலும் தலைவலி தலைவலிதானே.

“சார், இந்தத் தேதியை அட்மிஷன்ல யார் குடுத்தது?” என்றார் எழுத்தர்.

“தெரியலைங்க. அவசரத்துல யாராவது சொல்லியிருப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்திருந்தார்.”

சொன்னது அவன்தான்.

முந்தாநாள் மாலை, வயிற்றில் ரத்தம் கசிந்து அப்பா ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடந்தபோது, கவுண்ட்டர்க்காரன் தலை நிமிராமல் கேட்டான்: பேர், விலாசம், பிறந்த தேதி. மூன்றாவது கேள்விக்கு அண்ணனிடம் பதில் இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவனுக்குப் பெற்ற அப்பன் எந்த மாதம் பிறந்தார் என்று தெரியவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு நொடி அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்னால் வரிசை நின்றது. “வருஷம் தெரியும். ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்குங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்றான். கவுண்ட்டர்க்காரனும் போட்டுக்கொண்டான்.

அவன் பிழைப்பே அதுதான். டைல்ஸ் கடையில் விற்பனை. கேட்ட நீலம் இல்லாவிட்டால் பக்கத்து நீலத்தை எடுத்துப் போட்டு, வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிடுவான். யாரும் திரும்பி வந்ததில்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கொஞ்சம் பூசி மெழுகி, எல்லோரும் சிரித்த முகமாகப் போனால் போதும். அந்த ரத்தத்தில்தான் அவளும் பிறந்தாள் என்பதை நினைத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

எழுத்தர் பெருமூச்சு விட்டு போனை எடுத்தார். பட்டையை மாற்ற வேண்டும், அதற்கு மேல்மாடியில் ஒருவர் கம்ப்யூட்டரில் திருத்த வேண்டும், அவர் சாப்பிடப் போயிருக்கிறார். இருவரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வண்டிக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இஞ்சினை அணைக்கப் போனார்.

அவள் கைப்பையிலிருந்து காது மூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிணவறைக் குளிர்ப்பெட்டியின் இரைச்சல் அவளுக்கு ஆகாது. அவன் அதை ஒரு பக்கம் விலக்கினான்.

“ஒண்ணு சொல்லு. நேத்து உன் லேப் கவுண்ட்டருக்கு ரெண்டாவது தடவை வந்த அப்பாவோட ரத்த டியூப்ல என்ன தேதி இருந்துச்சு?”

“ஜனவரி ஒண்ணு.”

“தப்பான தேதி.”

“ஆமா.”

“அதை வாங்கிக்கிட்ட.”

“ஆமா. சீட்டுலயும் ஜனவரி ஒண்ணு, டியூப்லயும் ஜனவரி ஒண்ணு. ஒத்துப்போச்சு.”

“சரியான தேதி போட்டு வந்ததைத் திருப்பி அனுப்பிட்ட. தப்பான தேதி போட்டு வந்ததை வாங்கிக்கிட்ட. இன்னிக்கு அதே தப்பான தேதிக்காக என்னை இங்க உக்கார வெச்சிருக்க. உனக்கே இது எப்படி இருக்கு?”

அவள் நிஜமாகவே யோசித்தாள். அதுதான் அவளிடம் எரிச்சலூட்டும் விஷயம். கேட்பதற்காகக் கேட்ட கேள்விக்கும் உட்கார்ந்து யோசிப்பாள்.

“என் கவுண்ட்டர்ல கேள்வி, ரெண்டும் ஒண்ணான்னு. இங்க கேள்வி, சரியான்னு. வேற வேற கேள்விண்ணா. தேதி தப்புன்னு வார்டுக்குப் போன் பண்ணி நான் சொன்னேன். ‘அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம், முதல்ல ரத்தத்தை அனுப்பு’ன்னாங்க. அப்புறம் மாத்தல.”

நகம் நுழைய இடுக்கில்லாமல் பதித்த டைல்ஸ் மாதிரி இருந்தது அவள் பேச்சு. எங்கே நெம்புவது என்று தெரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில், வார்டுகளிலிருந்து வரும் ரத்தக் குழாய்களை வாங்குகிற கவுண்ட்டர் அவளுடையது. குழாயில் எழுதியிருப்பதும் கூட வரும் சீட்டில் இருப்பதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பாள். ஒன்றாக இருந்தால் உள்ளே போகும். எழுத்தோ எண்ணோ மாறியிருந்தால் திரும்பிப் போகும். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் சோதனையாகி, பொருந்தாத ரத்தத்தை ஏற்றிவிட்டால் ஆள் காலி. அதற்குத்தான் அந்த கவுண்ட்டர். ஆனால் மற்றவர்கள் உட்காரும்போது அதில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. தெரிந்த நர்ஸ் என்றால், பெரிய டாக்டர் என்றால், பேனாவால் ஒரு கோடு இழுத்துச் சரிசெய்து உள்ளே தள்ளுவார்கள். அவள் தள்ளமாட்டாள். தலைமை டாக்டரின் மாமியார் ரத்தத்தையே திருப்பி அனுப்பியவள். வார்டுகளில் அவளுக்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். “ரிட்டர்ன் இன்னிக்கு டூட்டியா? அப்ப ரெண்டு தடவை பாத்து எழுதுங்கடி” என்பார்களாம். அவளே வீட்டில் வந்து சொல்வாள், அது கேலி என்று தெரியாமல். அல்லது தெரிந்தேதானோ என்னவோ.

வருஷா வருஷம் அவளைப் பற்றி மேலே எழுதி அனுப்புவார்கள். வேலை மிக நன்று, ஒத்துழைப்பு போதாது. எதில் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் போய்க் கேட்பாள். யாரும் சொன்னதில்லை. “கொஞ்சம் சிரிச்சுப் பேசும்மா” என்று ஒருத்தர் சொன்னாராம். குழாய்களைத் திருப்பி அனுப்பும்போது சிரித்துப் பார்த்திருக்கிறாள். அதற்கும் புகார் வந்தது.

நேற்றுக் காலை அந்த கவுண்ட்டருக்கு அப்பாவின் ரத்தம் வந்தது. சீட்டில் ஜனவரி ஒன்று. குழாயில், படுக்கையருகே நின்ற நர்ஸ் அப்பாவையே கேட்டு எழுதிய ஆகஸ்ட் பதினேழு. அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வார்டில் சொன்னதும் அண்ணன் கவுண்ட்டருக்குப் போன் போட்டுக் கத்தினான். “அப்பாவோட ரத்தம்டி அது! உனக்குத் தெரியாதா அவர் தேதி?” “தெரியும். டியூப்ல இருக்கறதுதான் சரி.” “அப்ப அனுப்ப வேண்டியதுதானே!” “எனக்குத் தெரியும்ங்கறது சீட்டுல கிடையாதுண்ணா. எனக்குத் தெரியும்னு நான் அனுப்பினா, நாளைக்கு இன்னொருத்தி அவளுக்குத் தெரியும்னு அனுப்புவா. அவளுக்குத் தெரிஞ்சது தப்பா இருக்கும். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லு, சீக்கிரம்.” போனை வைத்துவிட்டாள்.

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை நர்ஸ் யாரையும் கேட்கவில்லை, சீட்டைப் பார்த்து எழுதிவிட்டாள். ஒத்துப்போனது, ரத்தம் வந்தது, ஏற்றினார்கள். சாயங்காலம் அப்பா போய்விட்டார். “அந்தத் தாமதத்தால எதுவும் ஆகல. அவசரத்துக்கு வெச்சிருக்கற, யாருக்கும் சேர்ற பொது ரத்தத்தை நடுவுல ஏத்திட்டோம். உள்ள கசிவு கட்டுக்குள்ள வரல, பெரும்பாலும் இப்படித்தான் முடிஞ்சிருக்கும்” என்றார் டாக்டர். நல்ல மனிதர். அந்தப் ‘பெரும்பாலும்’ ஒன்றை மட்டும் அவர் விழுங்கியிருக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் சித்தப்பா நேற்றிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறார்.

புதுப் பட்டை வந்தது. அவள் படித்தாள், கையெழுத்துப் போட்டாள். வண்டியில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைக் கையின் பொத்தானைப் போட முயன்றாள். விறைத்த கையில் துணி இழுபடவில்லை. வழியெல்லாம் முயன்றுகொண்டே வந்தாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தான். விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தான். எதற்கு? விடமாட்டாள்.

வீட்டு வாசலில் சித்தப்பா நின்றார். அப்பாவின் தம்பி. எந்தக் காரியத்திலும் ஒரு கை வைக்காமல் எல்லாக் காரியத்தையும் நடத்துகிறவர்.

“கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வர இவ்வளவு நேரமா? ஜனம் காத்துக் கிடக்குது.”

“பட்டையில தேதி தப்பா இருந்துச்சு” என்றாள் தங்கை. “மாத்தச் சொன்னேன்.”

சித்தப்பா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். கேட்கக் காது இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் பேசுவார். “நேத்து டியூப்புல தேதி, இன்னிக்குப் பட்டையில தேதி. சொந்த அப்பன் ரத்தத்தையே திருப்பி அனுப்புன மகராசி நீ. உனக்கு மனுஷன் முக்கியமா தேதி முக்கியமா?”



“முதல் டியூபைத்தான் திருப்பி அனுப்பினேன், சித்தப்பா. ரெண்டாவதை எடுத்துக்கிட்டேன்” என்றாள் அவள், தகவலாக.

யாரோ ஓர் அத்தை “ஐயோ பாவமே” என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. தங்கை அப்பாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, டீ குடித்த தம்ளர்கள் நாற்காலிக்கடியில் உருள்வதைக் கண்டு பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அழவில்லை. அதையும் கூடம் குறித்துவைத்துக்கொண்டது.

அண்ணனின் மனைவி அவனைச் சுவரோரம் இழுத்தாள்.

“ஏங்க, அட்மிஷன் நீங்கதானே போட்டீங்க?”

“பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார்.”

“அவரா உங்கப்பா பிறந்த தேதியைச் சொல்வார்?”

“இப்ப அதுவா முக்கியம்? உள்ள பாலு பொங்குது, போய்ப் பாரு.”

அடுப்பில் பாலே வைக்கவில்லை. அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அவனுக்கு அப்பாவுக்காக அழ வேண்டும் போலிருந்தது. அவரைக் கிடத்தியிருந்த பெட்டிக்கருகே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஒரு பாட்டம் அழ வேண்டும். ஆனால் உட்காரப் போகும்போதெல்லாம் அந்த ஜனவரி ஒன்று குறுக்கே வந்து நின்றது. இவள் மட்டும் வழக்கமான மனுஷியாக இருந்திருந்தால் இந்தத் தேதி வெளியே வந்தே இருக்காது. அவன் சொன்ன சின்னப் பொய்கள் எத்தனையோ இந்த ஊரில் நல்லபடியாகப் படுத்துத் தூங்குகின்றன. இதை மட்டும் தட்டி எழுப்பிவிட்டாள்.

மதியத்துக்கு மேல் ஆய்வகப் பொறுப்பாளர் வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத புடவை, கையில் வெள்ளைப் பூவளையம். அப்பாவுக்கு முன் தலை குனிந்து நின்றுவிட்டு, நேராக அண்ணனிடம் வந்து உட்கார்ந்தார். சித்தப்பா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு சார். உங்க தங்கச்சி வேலையில ஒரு குறை சொல்ல முடியாது.”

அண்ணன் ‘ஆனா’வுக்காகக் காத்திருந்தான். விற்பனைக்காரனுக்கு அந்த இடம் தெரியும்.

“ஆனா, நேத்து நடந்ததுக்கு வார்டுல இருந்து எழுத்துல புகார் வந்திருக்கு. ஆளைத் தெரிஞ்சும், சரியான தேதி தெரிஞ்சும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. அட்மிஷன்ல கேட்டா குடும்பம் குடுத்த தேதிங்கறாங்க. குடும்பத்துல யாருன்னு அவங்களுக்கும் தெரியல. யார் குடுத்ததுன்னு தெரிஞ்சா தப்பு அங்கேயே நின்னுடும். தெரியலன்னா, கடைசியில கவுண்ட்டர்ல இருந்தவங்க தலையிலதான் விடியும்.”

“விடியட்டும்” என்றார் சித்தப்பா.

“அதனால நான் ஒரு வழி யோசிச்சேன். அவங்க நல்லதுக்குத்தான் சார். கீழ்த்தளத்துல பழைய சாம்பிள் வைக்கிற குளிர் அறை இருக்கு. நாள் முடிஞ்ச டியூப்களை எடுத்துக் கழிச்சுக் கட்டுற வேலை. ஆள் நடமாட்டம் கிடையாது, போன் கிடையாது. இவங்களுக்குச் சத்தம் ஆகாதில்ல? அமைதியா இருக்கலாம். நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாங்க.”

தேங்கிப்போன சரக்கைத் தள்ளிவிடும்போது அவன் குரலும் இப்படித்தான் இதமாகிவிடும். பொறுப்பாளரின் தோளுக்குப் பின்னால், பத்தடியில், சமையலறை வாசலில் தங்கை ஈரக்கையுடன் நின்றிருந்தாள். பொறுப்பாளர் அவளைப் பார்க்கத்தான் செய்தார். தலைகூட அசைத்தார். அவளிடம் பேச வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

“ஒரு நிமிஷம் மேடம்” என்று அண்ணன் எழுந்து சமையலறைக்குள் போனான்.

அவள் மறுபடி தம்ளர் கழுவத் தொடங்கியிருந்தாள்.

“கேட்டுச்சா?”

“ம். அங்க எட்டு ஃப்ரிட்ஜ் இருக்கு. நாள் பூரா ஊளை விடும். மேடத்துக்கு அது கேக்காது போல.”

“அப்ப அதைப் போய்ச் சொல்லேன்!”

“என்னைக் கேக்கலையே.”

“எல்லாத்தையும் யாராவது வந்து கேட்டுக்கிட்டே இருப்பாங்களா? நீயா வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?”

“கேக்காம சொன்னா, உன்னை யார் கேட்டதுன்னுதான் சொல்றாங்க. இருபது வருஷமா நீயும் அதைத்தான் சொல்ற.”

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நிஜமாகவே அடித்துக்கொண்டான், கை வலித்தது.

“சரி விடு. அந்த கவுண்ட்டர் போனா என்ன? சம்பளம் அதேதானே? நாலு பேர் உன்னை ரிட்டர்ன் ரிட்டர்ன்னு கேலி பண்ற இடத்துல உனக்கு அப்படி என்ன இருக்கு?”

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

“அங்க நான் நிறுத்தினா நிக்கும்ணா” என்றாள். “வேற எங்கயும் நிக்காது. வீட்டுல, பஸ்ல, கடையில, எங்க நான் இது தப்புன்னு சொன்னாலும் சிரிச்சுட்டுப் போய்டுவாங்க. நீயும் போய்டுவ. அங்க மட்டும்தான், நான் தப்புன்னா அந்த டியூப் அதுக்கு மேல ஒரு அடி போகாது. பெரிய டாக்டர் வந்தாலும் போகாது. எனக்கு அது வேணும்.”

எனக்கு வேணும் என்று அவள் எதையும் கேட்டு அவன் கேள்விப்பட்டதில்லை. அவன் ஈரத் தரையைப் பார்த்தான். அப்புறம், கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டான்.

“அந்தத் தேதியை யார் குடுத்ததுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும். நீ.”

“எப்படி?”

“பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். வண்டியை நிறுத்தப் போயிருந்தேன்னு சொன்னார். அப்ப நீ மட்டும்தான்.”

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

“சித்தப்பா அந்தப் பேச்சுப் பேசினார். அப்பவாவது...”

“மனுஷன் முக்கியமா தேதி முக்கியமான்னு கேட்டார். யார் குடுத்ததுன்னு கேக்கல.”

“மேடம் கேட்டா?”

“சொல்லுவேன்.”

சொல்லுவாள். கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டால் சாகும்வரை சொல்லமாட்டாள். அண்ணனுக்கு முதலில் வந்தது ஒரு ஆசுவாசம். கேட்கப்போவது யார்? கூடத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள். அவளைப் பற்றிப் பேசுவார்கள், அவளுக்காகப் பரிதாபப்படுவார்கள், அவள் தலைக்கு மேல் அவனிடம் கேட்பார்கள். அவளிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவன் நிம்மதியாக இருந்துகொள்ளலாம். அவளைக் குளிர் அறைக்கு அனுப்பிவிட்டு, கடைக்குப் போய், பக்கத்து நீலத்தை எடுத்துக் காட்டிக்கொண்டு, ஆயுசு முழுக்க நிம்மதியாக இருந்துகொள்ளலாம்.

அந்த நினைப்பே அவனை அங்கே நிற்கவிடவில்லை.

கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பொறுப்பாளரின் முன் நின்றான். சொல்லிவிடத்தான் நினைத்தான்.

“மேடம், அந்தத் தேதி விஷயம்... பாருங்க, அந்த நேரத்துல அப்பாவுக்கு வலி. பின்னால வரிசை வேற. யாரா இருந்தாலும் பதறித்தான் போவாங்க. அட்மிஷன் கவுண்ட்டர்ல இருந்தவரும் கொஞ்சம் பொறுமையா கேட்டிருக்கலாம், இல்லையா? நம்ம சிஸ்டமே அப்படித்தான்...”

பொறுப்பாளர் இதமாகத் தலையாட்டினார். சித்தப்பா, “அதான் நானும் சொல்றேன், பதறின நேரத்துல இவ கொஞ்சம் பாத்துப் போயிருக்கணும்” என்றார்.

அண்ணன் நிறுத்தினான். வாயைத் திறந்தால் பூச்சு வேலைதான் வருகிறது. இத்தனை வருஷம் அந்த வேலையே செய்த வாய். ஒரு வரி, நேராக, கோணாமல் சொல்ல அவனால் முடியவில்லை. இந்த வீட்டில் அதைச் செய்யத் தெரிந்தது ஒருத்திக்குத்தான்.

ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பொறுப்பாளருக்கு நேரெதிரே போட்டான். “இங்க வந்து உக்காரு” என்று தங்கையைக் கூப்பிட்டான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்தத் தேதியை யார் குடுத்ததுன்னு அவகிட்ட கேளுங்க மேடம்.”

“சார், இந்த நேரத்துல அவங்களைப் போய்...”

“கேளுங்க.”

அவன் குரலில் கூடம் திரும்பிப் பார்த்தது. மனைவி தட்டோடு அப்படியே நின்றாள். பொறுப்பாளர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்து, அத்தனை வருஷம் தன் கீழே வேலை பார்த்தவளின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அட்மிஷன்ல அந்தத் தேதியை யாரும்மா குடுத்தது? உனக்குத் தெரியுமா?”

“தெரியும். அண்ணன்.”

சித்தப்பாவின் கையிலிருந்த டீ பாதி வழியில் நின்றது.

“அண்ணனுக்கு அப்பா பிறந்த தேதி தெரியாது” என்று அவள் தொடர்ந்தாள். கேள்வி வந்துவிட்டது, இனி முழுசாகப் பதில் சொல்லித்தான் நிறுத்துவாள். “அட்மிஷன் கவுண்ட்டர்ல இருந்து எனக்கு ரெண்டு தடவை போன் பண்ணினான். நான் பஸ்ல இருந்தேன். பஸ்ல என் போனை நான் எடுக்க மாட்டேன், சத்தத்துல ஒண்ணும் புரியாது. எடுத்திருந்தா சொல்லியிருப்பேன். எடுக்கல. அதனால அவனே ஒண்ணு சொல்லிட்டான்.”

அந்த இரண்டு அழைப்புகளை அவனே மறந்துபோயிருந்தான். இந்த இரண்டு நாளில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனையோ சாக்கு ஜோடித்தவனுக்கு, உண்மையாகவே இருந்த ஒன்று ஞாபகம் வரவில்லை. அவள் அவனைக் காப்பாற்றச் சொல்லவில்லை. நடந்ததில் அதுவும் இருந்தது, சொன்னாள்.

“அப்ப நம்ம கவுண்ட்டர்ல தப்பு இல்ல” என்றார் பொறுப்பாளர் மெதுவாக.

“இல்ல.”

“சரி. நான் அப்படியே எழுதிடறேன். லீவு முடிஞ்சு நீ கவுண்ட்டருக்கே வந்துடு.”

“சரி மேடம்.”

சித்தப்பா டீயைத் தரையில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். அண்ணனைத் திட்டுவதற்கு அவரிடம் வார்த்தை தயாராக இல்லை. “நேரமாச்சு, எடுக்கற வேலையைப் பாருங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. வாசலில் தூக்க வந்த ஆட்கள் செருப்பைக் கழற்றினார்கள். அண்ணனுக்கு மூச்சு முதல்முறையாக முழுசாக வந்தது. இனி அப்பாவிடம் போய் உட்காரலாம்.

தங்கை எழுந்திருக்கவில்லை.

“நான் ஒண்ணு கேக்கணும்” என்றாள்.

“கேளும்மா” என்றார் பொறுப்பாளர்.

“உங்களை இல்ல மேடம். அண்ணனை.”

அவன் நின்றான்.

“நேத்து சாயங்காலம் அப்பா பேர்ல இன்னும் டெஸ்ட் பாக்கி இருந்துச்சு. நான் ரிசல்ட்டுக்காக ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லாம் ஒண்ணொண்ணா சிவப்பாச்சு. ஆள் இறந்துட்டா அப்படித்தான் ஆகும். நான் அதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன்.” குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “நீ மேல அப்பாகிட்ட இருந்த. நான் ரெண்டு மாடி கீழ இருந்தேன். கவுண்ட்டர் போன் அடிச்சா நான் எடுப்பேன், உனக்குத் தெரியும். காலைல கத்தறதுக்குப் பண்ணினியே. சாயங்காலம் ஏண்ணா கூப்பிடல?”

காரணம் அவனுக்குத் தெரியும். கோபம். டியூபைத் திருப்பி அனுப்பினவள் அங்கேயே இருக்கட்டும் என்கிற கோபம். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அதுவும் அவனுக்குத் தெரியும்.

யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பழக்கமில்லாதவள், இப்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்க வந்தவர்கள் பெட்டியின் நாலு மூலையிலும் கை வைத்துவிட்டு, இவர்களைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டார்கள்.